மகனுக்கு மரப் பகடையா, பித்தளைப் பகடையா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் மகன் பெங்களூருவில் வேலை பார்க்கிறான். வார இறுதியில் நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று, பகடை உருட்டி ஆடும் ஒரு கற்பனைக் கதை விளையாட்டு விளையாடுவான். பிறந்தநாளுக்குக் கையால் செய்த பகடை செட் வாங்கித் தர ஆசை. கருங்காலி, ஈட்டி, செம்மரம், பித்தளை, டங்ஸ்டன் என்று ஏதேதோ சொல்கிறார்கள். ஈட்டி மரத்தில் பித்தளைப் புள்ளி பதித்தது ரொம்பப் பிடித்திருக்கிறது. கையால் செய்தது ஒரு பக்கமாகச் சாயாமல் விழுமா? உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கச் சொல்கிறார்களே, செய்யலாமா?"

முதலில் என் சிபாரிசைச் சொல்லிவிடுகிறேன். செட்டில் ஏழு பகடைகள் இருக்கும்: 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்டவை ஒவ்வொன்று, 10 முகத்தில் இரண்டு. 20 முகப் பகடையை மட்டும் பித்தளையில் வாங்குங்கள். மற்ற ஆறும் ஈட்டியில் இருக்கட்டும். ஒரு இரவில் அதிகம் உருள்வது 20 முகம்தான். கனமான ஒன்று கையில் இருக்கும் சுகம் அங்கேதான் முழுசாகக் கிடைக்கும்.

ஏழும் உலோகத்தில் ஏன் வேண்டாம்? கணக்கைப் பாருங்கள். 16 மில்லிமீட்டர் ஆறு முகப் பகடை பித்தளையில் சுமார் 35 கிராம், ஈட்டியில் மூன்றரை கிராம்கூட வராது. டங்ஸ்டன் கலவையில் 70 கிராமைத் தாண்டும். இந்த விளையாட்டில் ஃபயர்பால் என்றொரு மந்திரம் உண்டு. அதைப் போட்டால் எட்டு ஆறு முகப் பகடைகளை உருட்ட வேண்டும் (செட்டில் இருப்பது ஒன்றுதான், மீதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும்). பித்தளையில் அது 280 கிராம். தேக்கு மேசையில் பள்ளம் விழும், கண்ணாடி மேசை என்றால் உடைந்தே போகலாம். மர எட்டை ஒரே கையில் அள்ளி நிம்மதியாக வீசலாம்.

இப்போது உங்களுக்குப் பிடித்த அந்தப் பித்தளைப் புள்ளிகள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன், விளையாடுவதற்கு அது வேண்டாம். பித்தளை ஈட்டியைவிடப் பத்து மடங்கு கனம். 3 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு புள்ளி பதித்தால் அந்த இடத்தில் 0.05 கிராம் கூடுகிறது. பகடையில் எதிரெதிர் முகங்களின் கூட்டு 7. ஆகவே 6 புள்ளி முகத்துக்கு நேர் எதிரே 1 இருக்கும். ஐந்து புள்ளிகளின் கூடுதல் எடை, அதாவது கால் கிராமுக்கும் மேல், ஒரே பக்கம் சேர்கிறது. பகடையே மூன்றரை கிராம்தான். எடையின் மையம் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் 6-ன் பக்கம் நகர்ந்துவிடும். 6 கீழே போகும், 1 மேலே வரும். பிறந்தநாள் பரிசில் 1 அடிக்கடி விழ வேண்டாம் அல்லவா? கசினோ பகடைகளில் குழிகளைப் பகடையின் அதே அடர்த்தியுள்ள பொருளால் நிரப்புவது இதற்காகத்தான்.

மரத்தில் எண்களை மேலாக, மெல்லிய கோட்டில் செதுக்கி பெயின்ட் நிரப்பச் சொல்லுங்கள். வித்தியாசம் ஒன்றும் பெரிதாக வராது. பித்தளை வேலைப்பாட்டைப் பெட்டியின் மூடியில் செய்து தரச் சொல்லலாம். அழகும் கெடாது, ஆட்டமும் கெடாது.

மரம் எது என்பதைவிட அது எவ்வளவு உலர்ந்தது என்பதே முக்கியம். மரம் ஈரத்துக்கு ஏற்ப வீங்கும், சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அல்ல. ரேகையின் நீளவாக்கில் மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். குறுக்கே நன்றாகத் தெரியும். மரத்தின் ஈரம் 3 சதவீதம் மாறினால் 16 மில்லிமீட்டர் பகடை குறுக்கே 0.1 மில்லிமீட்டர் வரை மாறிவிடும். கசினோ பகடைக்கு அனுமதிக்கும் பிசகு சுமார் 0.013 மில்லிமீட்டர்தான். மரத்தில் அந்த நுட்பம் நிற்காது; நண்பர்கள் கூடி ஆடும் ஆட்டத்துக்கு அது தேவையும் இல்லை. ஆனால் அரைகுறையாக உலர்ந்த மரம் என்றால் மாற்றம் இதைவிடப் பல மடங்கு இருக்கும், விரிசலும் விடும்.

அதனால் எனக்குப் பிடித்தது பழைய ஈட்டி. இடித்த வீட்டின் தூண், உடைந்த நாற்காலியின் கால் போன்றவை. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இப்படித் துண்டுகள் தேடினால் கிடைக்கும். பல வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்து காய்ந்த, வைரம் பாய்ந்த கட்டை. புது மரத்தில் இந்த நிதானம் வருவது கடினம். கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்யச் சொல்வதாக இருந்தால் துண்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

கருங்காலி நல்ல மரம்தான், தண்ணீரில் முங்கும் அளவு கனமானதும் உண்டு. ஆனால் கருங்காலி மாலை அணியும் மோகம் வந்த பிறகு கறுப்புச் சாயம் ஏற்றிய சாதாரண மரமும் அந்தப் பெயரில் விற்கிறது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். மை போலக் கறுப்பு ஒட்டினால் வாங்காதீர்கள். ஈட்டியில் ஊதா கலந்த நிறம் கொஞ்சம் இறங்கும். அது மரத்தின் சொந்த நிறம், பயப்பட வேண்டாம்.

செம்மரம் வேண்டவே வேண்டாம். சேஷாசலம் காடுகளையும் அதைச் சுற்றிய கிழக்குத் தொடர்ச்சி மலையையும் விட்டால் இயற்கையாக வேறெங்கும் வளராத மரம் அது. கடத்தலால் காடு காலியாகிறது, கூலிக்கு வெட்டப் போனவர்கள் உயிரையும் இழந்திருக்கிறார்கள். ஒரு விளையாட்டுப் பொருளுக்காக அந்தச் சங்கிலியில் நாம் சேரக் கூடாது. ஈட்டியும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மகன் நாளை வெளிநாடு போனால் பகடை செட் சிக்கலாகுமோ என்று யோசிக்க வேண்டாம்; செய்து முடித்த பொருளில் 10 கிலோ வரைக்கும் விலக்கு உண்டு.

உலோகத்தில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வார்த்ததா, கம்பியிலிருந்து கடைந்ததா? கடைகளில் 'மெட்டல் டைஸ்' என்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையை வார்த்து முலாம் பூசியவை. வார்ப்பில் உள்ளே காற்றுக் குமிழ் தங்கலாம். திடமான பித்தளைக் கம்பியிலிருந்து கடைந்தால் அந்தச் சந்தேகமே இல்லை. நகைக்கடைத் தராசு இருந்தால் ஒரு ஆறு முகத்தை வைத்துப் பாருங்கள்: 16 மில்லிமீட்டர் என்றால் பித்தளை 33-லிருந்து 35 கிராம் நிற்கும், துத்தநாகக் கலவை 28-ஐத் தாண்டாது.

அப்புறம், 20 முகத்தில் எண்கள் வரிசையாக 20, 19, 18 என்று பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அது ஆட்டத்தின் புள்ளிக் கணக்கை வைப்பதற்கானது. உருட்ட ஏற்றதல்ல. பெரிய எண்கள் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் சின்னப் பிசகுகூடப் பெரிதாகிவிடும். எதிர் முகங்களைக் கூட்டினால் 21 வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஒரே முகம் திரும்பத் திரும்ப மேலே வருகிறதா என்று பார்க்கும் சோதனை பிளாஸ்டிக் பகடைக்கு. பித்தளை எவ்வளவு உப்பு போட்டாலும் மூழ்கும். மரம் தண்ணீரைக் குடித்து வீணாகும். அதற்குப் பதில் உருட்டிப் பாருங்கள். 20 முகத்தை 200 தடவை உருட்டி எந்த எண் எத்தனை முறை விழுந்தது என்று குறியுங்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 10 விழ வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் 10-லிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை வர்க்கப்படுத்தி 10-ஆல் வகுத்து, இருபதையும் கூட்டுங்கள். மொத்தம் 30.1-க்குள் இருந்தால் சரி. தாண்டினால் இன்னொரு 200 தடவை உருட்டுங்கள். நல்ல பகடையும் இருபதில் ஒரு தடவை தாண்டத்தான் செய்யும். இரண்டாம் முறையும் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நாலு முகத்துக்கு ஒரு யோசனை. வழக்கமான பிரமிடு வடிவத்தில் மரத்தின் கூர்முனை சீக்கிரம் சிதறிவிடும், உருளவும் உருளாது. செய்பவரிடம் தாயக்கட்டை மாதிரி நீளவாக்கில் செய்யச் சொல்லுங்கள், நாலு பக்கமும் 1-லிருந்து 4 வரை. ரேகை நீளத்தோடு ஓடுவதால் கட்டை உறுதியாக இருக்கும், அழகாகப் புரளும். நம் வீடுகளில் இத்தனை தலைமுறையாக உருண்ட வடிவம், அவன் மேசையிலும் உருளட்டும்.

பராமரிப்பு அதிகமில்லை. பித்தளையை மரத்தோடு ஒரே பையில் போட வேண்டாம், முனைகள் நசுங்கும். உருட்ட, ஃபெல்ட் துணி ஒட்டிய தட்டு ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். கடைந்த பித்தளையில் கொஞ்சம் ஈயம் கலந்திருக்கும். குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆட்டத்துக்கு நடுவே சாப்பிடுவதாக இருந்தால் கை கழுவ வேண்டும். மங்கினால் புளி போட்டுத் துலக்கலாம், ஆனால் முலாம் பூசியதில் புளி படக் கூடாது. மரத்துக்கு வருடம் ஒருமுறை துளி தேன்மெழுகு போதும். எண்ணில் பெயின்ட் உதிர்ந்தால் பல்குத்தும் குச்சியால் அக்ரிலிக் நிரப்பி, வழிந்ததை ஈரம் காயும் முன் துடைத்துவிடச் சொல்லுங்கள்.