கேளுங்க சொல்றோம்: மலைக்கோட்டை எதுக்கு போலாம்?

கேள்வி: ஸ்கூல் லீவுல பசங்களுக்கு பழைய கோட்டை ஒண்ணு காட்டலாம்னு இருக்கேனுங்க. சங்ககிரியா, நாமக்கல்லா, எது போலாமுங்க?
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: பசங்க சின்னவங்களா இருந்தா நாமக்கல் போயிருங்க அம்மிணி. ஊர் நடுவுலயே ஒத்தப் பாறை, பாறையிலயே வெட்டுன படியில ஏறுனா கொஞ்ச நேரத்துல கோட்டை மதில் வந்துரும், கீழ நரசிம்மர், ரங்கநாதர் குடைவரை கோயிலும் பாத்துக்கலாம், ஆஞ்சநேயரும் எதுத்தாப்லயே.

ஆனா வரலாறு வேணும்னா சங்ககிரிதானுங்க, என் ஓட்டு அதுக்குத்தான். அங்க ஒரே மதில் இல்ல, மலை ஏற ஏற வாசல் மேல வாசலா வரும், ஒண்ண உடைச்சு எதிரி உள்ள வந்தாலும் அடுத்ததுல மேல இருந்து அடிக்கலாம், மூச்சு வாங்கிட்டு ஏறி வர்றவன் என்ன பண்ணுவான் சொல்லுங்க! திப்பு கையில இருந்த இந்த சேலம் பக்கமெல்லாம் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைல கம்பெனிக்காரங்ககிட்ட போயிருச்சு. அப்புறம் 1805ல நம்ம தீரன் சின்னமலையை தூக்குல போட்டதும் இங்கதான், அதனாலதான் ஆடிப்பெருக்கு அன்னைக்கு அவருக்கு மரியாதை செய்ய அவ்ளோ கூட்டம்.

ரெண்டுமே மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்குதுங்க, ஆனாலும் சுவத்துல பேர் கிறுக்குற கூட்டத்துக்கு குறைச்சலில்ல, கடுப்பாவுது. சங்ககிரின்னா வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே கிளம்பிருங்க, தண்ணி நிறைய எடுத்துக்கோங்க, செருப்பு வேண்டாம், ஷூ போட்டுட்டு போங்க.