தலசீமியா குழந்தையின் தாய்க்கும் கவனிப்பு தேவை

கேள்வி: எங்கள் முதல் குழந்தைக்குப் 10 மாதம் ஆகிறது. 7-ஆம் மாதத்தில் உடல் வெளிறி, பால் குடிக்கவே சோர்ந்துபோனபோது பரிசோதனை செய்து ‘பீட்டா தலசீமியா மேஜர்’ என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுகிறோம். கர்ப்ப காலத்தில் நான் சரியாகச் சாப்பிடாததே காரணம் என்கிறார்கள் உறவினர்கள். குழந்தை உறங்கினாலும் எனக்கு உறக்கம் வருவதில்லை. அடிக்கடி அழுகை வருகிறது. இதை எப்படித் தாங்குவது?

பதில்: முதலில் உங்கள் மீது விழுந்திருக்கும் பழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தலசீமியா என்பது, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத நோய்; அது மரபணு வழியாக வருவது. பெற்றோர் இருவரிடமும் அறிகுறியே இல்லாமல் மறைந்திருக்கும் மாறுபட்ட மரபணு ஆளுக்கொன்றாகக் குழந்தைக்குச் சேரும்போதுதான் இந்த நோய் உண்டாகிறது. நீங்கள் கர்ப்ப காலத்தில் உண்டதற்கும் உண்ணாததற்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. பிறந்தபோது குழந்தை நன்றாக இருந்ததற்குக் காரணம், கருவில் உருவாகும் ஹீமோகுளோபினை இக்குறைபாடு பாதிப்பதில்லை என்பதே. அது குறைந்து, பெரியவர்களுக்கான ஹீமோகுளோபின் அதன் இடத்தைப் பிடிக்க வேண்டிய மாதங்களில்தான் சோகை வெளிப்படுகிறது. இதை உங்கள் குழந்தையின் மருத்துவரே, கணவரையும் மாமியாரையும் உடன் வைத்துக்கொண்டு, ஒருமுறை விளக்கும்படி கேளுங்கள். நீங்கள் தனியாக வாதாடிக் களைத்துப்போக வேண்டாம்.

இரத்தம் குறைவு என்று கேள்விப்பட்டவுடன் அக்கறையோடு இரும்புச்சத்து டானிக் வாங்கி வருபவர்கள் இருப்பார்கள். அதைக் கொடுக்கவே கூடாது. ஏற்றப்படும் ஒவ்வொரு இரத்தப் பையோடும் உடலில் இரும்பு சேர்ந்துகொண்டே போகிறது; பின்னாளில் அதை வெளியேற்றவே தனியாக மருந்து தர வேண்டியிருக்கும். தாய்ப்பாலையும் இணை உணவையும் தொடருங்கள், தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள், காய்ச்சல் கண்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இனி உங்களைப் பற்றி. குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வராமை, அடிக்கடி அழுகை, எதிலும் ஈடுபாடின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அவற்றைக் களைப்பு என்று தள்ளிவிட முடியாது; மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். இது சிகிச்சையால் குணமாகக் கூடியது, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஏற்ற மருந்துகளும் உள்ளன. உங்கள் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வெளியே செல்ல இயலாத நாளில், அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவோமோ என்ற அச்சமோ எழுந்தால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல், வீட்டாரிடம் சொல்லி அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டு வேலையையும் மருத்துவமனை வேலையையும் நீங்கள் ஒருவரே சுமப்பது நீண்ட காலம் நடக்காது. இந்தச் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் தொடர்வது. இரவில் நான்கைந்து மணி நேரமாவது நீங்கள் தொடர்ந்து உறங்கும்படி, அந்த நேரத்தில் குழந்தையைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். இரத்தம் ஏற்றிய தேதி, அதற்கு முந்தைய ஹீமோகுளோபின் அளவு, குழந்தையின் எடை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவைக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். உதவட்டுமா என்று கேட்கும் உறவினரிடம் ‘பரவாயில்லை’ என்று சொல்லாமல், இரத்தம் ஏற்றும் நாளில் மதியச் சமையலைக் கேளுங்கள். கணவர் கலங்காதவர்போலத் தோன்றலாம். தந்தையருக்கும் இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருவதுண்டு.

செலவைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியா சேர்க்கப்பட்டிருப்பதால், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அரசு இரத்த வங்கிகளில் இக்குழந்தைகளுக்கு இரத்தம் இலவசம்.

அடுத்த கர்ப்பத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் இந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால், கருவுறும் முன்பே மரபணு ஆலோசனை பெற வேண்டும்; கருவின் 11-ஆம் வாரத்தை ஒட்டிச் செய்யும் பரிசோதனையில் இதைக் கண்டறியலாம். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உங்கள் குழந்தைக்குப் பொருந்துமா, அதற்கு ஏற்ற வயது எது என்ற கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை இரத்தம் ஏற்றச் செல்லும்போது இருவருமாகச் சென்று மருத்துவரிடம் கேளுங்கள்.