எஞ்சின் கவரில் கண்ணாடி ஜன்னல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வண்டியின் எஞ்சின் கவரை வட்டமாக வெட்டி, கண்ணாடி மாதிரி ஒன்றைப் பொருத்தி, உள்ளே விளக்கு எரிய விடுவது பற்றி இந்த முறை இத்தனை பேர் கேட்டிருப்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பா ஓட்டிய காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் 350 என்னிடம் இருக்கிறது. இடப்பக்கக் கவரில் ஜன்னல் வைத்து கிளட்ச் சுற்றுவது தெரிய வேண்டும், இரவில் உள்ளே வெளிச்சமும் வேண்டும். மெக்கானிக் "ஆயில் ஒழுகும், விட்டுடுங்க" என்கிறார். செய்யலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: செய்யலாம். சொல்லப்போனால் நம் ஊரில் ஓடும் வண்டிகளில் இந்த வேலைக்கு உங்கள் வண்டியைப் போலத் தோதானவை மிகக் குறைவு. காஸ்ட் அயர்ன் புல்லட்டில் எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. இடப்பக்கக் கவருக்குள் இருப்பது பிரைமரி செயின் (எஞ்சினிலிருந்து கிளட்சைச் சுற்றும் செயின்), கிளட்ச், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மூன்றும்தான், அதற்குள் ஊற்றும் ஆயிலும் எஞ்சின் ஆயிலோடு கலக்காதது, அரை லிட்டருக்கும் குறைவு. கிளட்சைத் தள்ளும் லீவர்கூட வலப்பக்கம் கியர்பாக்ஸ் கவரில்தான் இருக்கிறது, அங்கிருந்து ஒரு கம்பி கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நடுவாக வந்து கிளட்சைத் தள்ளுகிறது. அதனால் உங்கள் இடப்பக்கக் கவர் வெறும் மூடிதான். ஜன்னல் ஒழுகினால் செயினும் கிளட்சும் காயும், அது கெடுதல்தான், ஆனால் பிஸ்டனும் பிக் எண்டும் (பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் இடம்) பிழைத்துக்கொள்ளும்.

மெக்கானிக் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் கவரைப் பிடித்து வைத்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு நட். நடுவில் அதை இறுக்கும்போது அந்த அழுத்தம் கவரின் உடம்பு வழியாகப் போய்த்தான் விளிம்பில் இருக்கும் ரப்பர் சீலை அமுக்குகிறது. கவரில் பெரிதாக ஓட்டை போட்டால் உடம்பு தளர்ந்துவிடும், நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஜன்னல் வைத்த புல்லட்டில் ஆயில் ஒழுகினால் எல்லோரும் கண்ணாடியைத்தான் குறை சொல்வார்கள், நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் விளிம்பில் ஒழுகியவைதான்.

அதனால் வண்டியில் இருக்கும் கவரைத் தொடாதீர்கள். சென்னை வந்தால் புதுப்பேட்டையில், இல்லையென்றால் உங்கள் ஊர் பழைய சாமான் கடையில், விரிசலோ அடியோ இல்லாத ஒரு கவர் வாங்கி அதில் வேலை செய்யுங்கள். வெட்டுவதை ஹேக்சாவில் செய்யாமல் லேத் பட்டறையில் மில்லிங் மெஷினில் கொடுங்கள். கிளட்ச் இருக்கும் பின்பக்க வட்டத்தில் மட்டும் திறப்பு இருக்கட்டும், நடு நட்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு உலோகத்தைத் தொடவே வேண்டாம். திறப்பின் கீழ் விளிம்பு, வண்டி நேராக நிற்கும்போது ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கிளட்ச் சுற்றும்போது ஆயில் தெறிக்கத்தான் செய்யும், ஆனால் நின்றிருக்கும் வண்டியில் ஜன்னலின் ரப்பர் சீலை ஆயில் ராத்திரி முழுக்க அழுத்திக்கொண்டே இருக்காது.

வெட்டிய ஓரத்தில் அலுமினிய வளையம் ஒன்றை ஆர்கான் வெல்டிங்கில் சேர்த்தால் போன பலம் திரும்பும், ஓ ரிங் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) உட்காரப் பள்ளம் எடுக்கவும் போதுமான கனம் கிடைக்கும். வெல்டிங் சூட்டில் கவர் கோணிக்கொள்ளும் என்பதால், தட்டையான இரும்புத் தகட்டில் கவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு வெல்ட் செய்யச் சொல்லுங்கள். பிறகு தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் எமரி பேப்பரை ஒட்டி, கவரின் விளிம்பை அதன்மேல் 8 எழுதுவது போலச் சுற்றித் தேயுங்கள். விளிம்பு முழுக்க ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தால் சமமாகிவிட்டது என்று அர்த்தம், எங்காவது பளபளப்பு மிச்சமிருந்தால் அங்கே பள்ளம்.

பொருத்தியதும் உடனே ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள். ஆயில் ஊற்றி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, அடியில் ஒரு அட்டையை விரித்து ராத்திரி விட்டுவிடுங்கள். சூட்டில் விரிந்தது ஆறிச் சுருங்கும்போதுதான் கசிவு தெரியும். அட்டை காலையில் சுத்தமாக இருந்தால் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை அட்டை விரியுங்கள். இரண்டு முறையும் சுத்தமாக இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம்.

கேள்வி: அக்ரிலிக், பாலிகார்பனேட், நிஜக் கண்ணாடி, இதில் எது? நான் போட்ட அக்ரிலிக் மூன்றே மாதத்தில் போல்ட் துளைகளைச் சுற்றிப் பூ பூவாக வெடித்துவிட்டது.
(வாசகர், ஈரோடு)

பதில்: எனக்கும் இதே நடந்தது. 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் போட்டு, போல்ட் கழலக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு திரெட் லாக்கர் விட்டேன், சில நாளிலேயே துளைகளிலிருந்து மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடியது. உலோகத்துக்கு உலோகம் போடும் அந்தப் பசை அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் உடைக்கும். ஏற்கெனவே போல்ட் இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் பெட்ரோல், தின்னர், அசிட்டோன் பட்டாலும் இதே கதைதான். கவரைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைப்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம், ஜன்னல் வைத்த கவருக்கு அது ஆகாது, சோப்புத் தண்ணீரே போதும்.

சூட்டையும் பாருங்கள். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும், வெயில் காலத்தில் நெரிசலில் நிற்கும் வண்டியின் எஞ்சின் ஆயில் அந்தச் சூட்டை எட்டக்கூடியது. பாலிகார்பனேட் இளக 147 டிகிரி ஆக வேண்டும், அடி பட்டாலும் சில்லுச் சில்லாகத் தெறிக்காது. கீறல் விழும், வெயிலில் நாளாக நாளாக மஞ்சளிக்கும். ஆனாலும் என் தேர்வு 6 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்தான், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டிய பொருள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். டஃபன்டு கண்ணாடி (சூளையில் கடினமாக்கிய கண்ணாடி) கீறாது, மஞ்சளிக்காது, ஆயிலுக்கும் பெட்ரோலுக்கும் அசையாது. ஆனால் டஃபன் செய்தபிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது, எல்லா வேலையையும் முன்பே முடித்துத்தான் சூளைக்குக் கொடுக்க வேண்டும். காலடியில் இருக்கும் இடம், சாலையில் தெறிக்கும் ஒரு கல் ஓரத்தில் பட்டால் முழுதும் பொடிப்பொடியாகிவிடும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

இன்னொன்று பலரும் கவனிக்காதது. பிளாஸ்டிக் சூட்டில் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு விரியும். 100 மில்லிமீட்டர் வட்டத்தை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அலுமினியம் 0.16 மில்லிமீட்டர் விரியும், பாலிகார்பனேட்டோ கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். போல்ட் துளையைப் போல்ட் அளவுக்கே போட்டிருந்தால் அது விரிய இடம் ஏது? அதனால் பிளாஸ்டிக்கில் துளையே போடாதீர்கள். வட்டத்தைச் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மேலே ஒரு அலுமினிய வளையத்தை வைத்து, அந்த வளையத்தைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஜன்னல், வளையத்துக்கும் ஓ ரிங்குக்கும் நடுவில் மிதந்துகொண்டு இருக்கட்டும். ஓ ரிங் கருப்பு நைட்ரைல் ரப்பராக இல்லாமல் வைட்டானாகக் கேட்டு வாங்குங்கள், 200 டிகிரி வரை தாங்கும். விலை கூடத்தான், ஆனால் ஒரே ஒரு ரிங்தானே.

கேள்வி: அண்ணே, கல்லூரியில் படிக்கிறேன், பல்சர் 150 வைத்திருக்கிறேன். வலப்பக்க கிளட்ச் கவரில் இதைச் செய்ய ஒரு பட்டறையில் 4000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
(மாணவர், சேலம்)

பதில்: வேண்டாம் தம்பி. உன் வண்டியில் அந்தக் கவர் வெறும் மூடி இல்லை. ஆயில் ஃபில்டர் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது, எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். பல வண்டிகளில் கிராங்க்குக்கு ஆயில் போகும் துளையே அந்தக் கவரின் சுவருக்குள்தான் ஓடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, வெட்டியபிறகுதான் தெரியும். அப்புறம் வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் தரையில் உரசும் இடங்களில் அதுவும் ஒன்று. ஓட்டத்தில் ஜன்னல் உடைந்தால் சூடான ஆயில் உன் காலிலும் பின் டயரிலும் கொட்டும். பின் டயரில் ஆயில் பட்ட வண்டி திருப்பத்தில் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

உள்ளே இருப்பதைப் பார்க்கும் ஆசை நல்ல ஆசை, அதைக் கைவிடச் சொல்லவில்லை. அந்த 4000 ரூபாயில் ஓடாத ஒரு பழைய எஞ்சினை எடைக்கு வாங்கி, கவரை வெட்டி, கிக்கரைக் கையால் சுற்றிப் பார். கிளட்ச் தட்டுகள் எப்படிப் பிரிகின்றன, கியர் எப்படிக் கோத்துக்கொள்கிறது என்பதை ஓடும் வண்டியில் பார்ப்பதைவிட அதில் ஆயிரம் மடங்கு தெளிவாகப் பார்ப்பாய்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100-இல் எந்தப் பக்கம் வைக்கலாம்?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: இடப்பக்கம், மின்சாரம் தரும் மேக்னெட்டோ மேல். அங்கே ஆயிலே கிடையாது, ஃப்ளைவீல் காய்ந்த இடத்தில்தான் சுற்றுகிறது. சீல் வேலை மழைத் தண்ணீரைத் தடுக்க மட்டும்தான். அடியில் ஒரு சின்ன வடிகால் துளை விடுங்கள், இல்லையென்றால் உள்ளே வேர்த்து ஜன்னல் மங்கிக்கொண்டே இருக்கும். வலப்பக்கம் கிக்கர், ஆயில் பம்ப், கியர் ஆயில் என்று எல்லாம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். டுகாட்டிக்காரர்கள் கிளட்ச் தெரிய ஓட்டினார்களே என்று சிலர் கேட்கிறார்கள். 1994-இல் வந்த 916 போன்ற வண்டிகளில் கிளட்ச் ஆயிலில் நனையாத டிரை கிளட்ச், அதனால் கவரைத் திறந்து போட்டாலும் ஒழுக எதுவும் இல்லை. உங்கள் மேக்னெட்டோ பக்கமும் அதே சௌகரியம்தான்.

கேள்வி: விளக்கை எங்கே வைப்பது, என்ன நிறம்? போலீஸ் பிடிக்குமா?
(வாசகர், மதுரை)

பதில்: எல்இடியை ஆயிலுக்குள் வைக்காதீர்கள். ஸ்ட்ரிப்பின் மேல் இருக்கும் பூச்சு மழைக்குத்தான், சூடான ஆயிலுக்கு இல்லை. ஜன்னலை மேலிருந்து இறுக்கச் சொன்னேனே, அந்த அலுமினிய வளையத்தின் உட்பக்கம் ஒரு பள்ளம் எடுத்து, எல்இடிகள் ஜன்னலின் பக்கவாட்டு விளிம்பைப் பார்க்கும்படி ஒட்டுங்கள். விளிம்பில் புகும் வெளிச்சம் உள்ளேயே எதிரொளித்து நகரும், ஜன்னலின் உள்முகத்தில் ஓரத்தை மட்டும் மெல்லிய எமரியால் சொரசொரப்பாக்கினால் அங்கே வெளியேறிக் கிளட்ச் மேல் விழும். ஒயர் ஒன்றுகூட எஞ்சினுக்குள் போகாது. ஒட்டும்போது காடி வாசனை வரும் சிலிகான் வேண்டாம், அது செம்பை அரிக்கும்.

நிறம் வெள்ளையோ மஞ்சள் கலந்த வெள்ளையோதான். ஆயிலின் பொன்னிறம் நீல வெளிச்சத்தை விழுங்கிவிடும், கடையில் பளிச்சென்று தெரிந்த நீலம் கவருக்குள் மங்கிப்போகும்.

மின்சாரத்தில் ஒரு கணக்கு. பழைய வண்டி என்றால் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்இடியாகத் தொடரில் இருக்கும், அவை எடுப்பது சுமார் 9.6 வோல்ட், மீதி 2.4 வோல்ட் ரெசிஸ்டரில் விழும். வண்டி ஓடி சார்ஜிங் 14.4 வோல்ட்டுக்கு ஏறினால் ரெசிஸ்டரில் விழுவது 4.8, அதாவது கரன்ட் இரண்டு மடங்கு. எஞ்சின் சூடும் சேரும்போது ஸ்ட்ரிப் சீக்கிரம் போவது இதனால்தான். சின்னதாக ஒரு பக் கன்வெர்ட்டர் வைத்து 11 வோல்ட்டுக்கு இறக்கிவிடுங்கள், முன்னால் 1 ஆம்பியர் ஃபியூஸ், தனி சுவிட்ச்.

சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்திருக்கிறது. எஞ்சின் கவர் ஆர்சி-யில் எழுதும் விவரம் இல்லைதான், ஆனாலும் நடுச்சாலையில் அதை வாதிட முடியாது. விதி 108-இன்படி முன்னால் சிவப்பும், பின்னால் சிவப்பு தவிர வேறு வெளிச்சமும் தெரியக் கூடாது. பக்கத்து வண்டிக்காரர் கண்ணும் உங்கள் காலடிக்குப் போகும். அதனால் வண்டி நிற்கும்போது மட்டும் விளக்கு எரியட்டும், பழைய கவரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜன்னல் வைத்தாயிற்று, ஒழுகவில்லை. ஆனால் எஞ்சின் ஓடும்போது ஒரே கலங்கலாகத்தான் தெரிகிறது. ஏமாற்றமாக இருக்கிறது.
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஆயில் கருத்திருந்தால் முதலில் மாற்றுங்கள், கிளட்ச் தட்டுகளின் தூசி கலந்து சீக்கிரமே கருக்கும். ஆயில் சுத்தமாக இருந்தும் கலங்கலாகத் தெரிந்தால் அது கண்ணின் வரம்பு. 1200 ஆர்பிஎம்மில் கிராங்க் நொடிக்கு 20 சுற்று சுற்றுகிறது, கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. மெக்கானிக்கிடம் இக்னிஷன் பார்க்கும் டைமிங் லைட் இருந்தால் ஒரு சாயங்காலம் இரவல் வாங்கி, இருட்டில் ஜன்னலுக்கு நேராகப் பிடியுங்கள். ஸ்பார்க் விழும் ஒவ்வொரு முறையும் அது மின்னும், கிராங்க்கோடு சுற்றும் ரோட்டர் (ஆல்டர்னேட்டர் அல்லது மேக்னெட்டோவின் சுழலும் பகுதி) உங்கள் ஜன்னலில் தெரிந்தால் அது அப்படியே நின்றுவிட்டது போலத் தெரியும், ஆக்சிலரேட்டரை லேசாகத் திருப்பினால் டைமிங் மாறும் வண்டியில் அது மெல்ல நகரும். வலிப்பு வரும் உடல்வாகு உள்ளவர்கள் யாரும் அப்போது பக்கத்தில் இருக்க வேண்டாம்.