பஹாமாஸில் மக்கள் அரசாங்கத்தின் மேல் ஏன் இவ்வளவு சலித்துப்போயிருக்கிறார்கள்? ஒரு சாதாரணக் குடிமகன் அங்கே யாரிடம், எப்படிக் கணக்குக் கேட்பது?

ஆட்சியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் பஹாமாஸை ஒருமுறை பார்க்க வேண்டும். 2002, 2007, 2012, 2017, 2021 என்று வரிசையாக ஐந்து தேர்தல்களில் ஆளுங்கட்சியை வீட்டுக்கு அனுப்பிய நாடு அது. அங்கே பெரிய கட்சிகள் இரண்டு: பிஎல்பி (முற்போக்கு லிபரல் கட்சி), எஃப்என்எம் (சுதந்திர தேசிய இயக்கம்). பிஎல்பி போனால் எஃப்என்எம், எஃப்என்எம் போனால் பிஎல்பி. 2017-ல் 39 இடங்களில் 35-ஐ அள்ளிய எஃப்என்எம், நாலே வருடத்தில் 7 இடத்துக்கு வந்து நின்றது. தண்டிப்பதில் மக்கள் குறை வைக்கவே இல்லை. ஆனால் 2017-ல் சுமார் 88 சதவீதம் பேர் போட்ட ஓட்டை, 2021-ல் சுமார் 65 சதவீதம் பேர்தான் போட்டார்கள். கொரோனாவும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நீங்கள் கேட்கும் சலிப்பை அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் தேட வேண்டும்.

சட்டம் இல்லாத குறையா என்றால், இல்லை. புத்தகத்தில் வேண்டிய அளவு இருக்கிறது. பொத்தல் வேறு இடத்தில். நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றும் நாளும், அது அமலுக்கு வரும் நாளும் ஒன்றல்ல. பல சட்டங்களின் முதல் பிரிவிலேயே, அமைச்சர் அரசிதழில் அறிவிக்கும் நாளில்தான் இது நடைமுறைக்கு வரும் என்று ஒரு வரி இருக்கும். அந்த அறிவிப்பு வராதவரை சட்டம் வெறும் காகிதம். தகவல் உரிமைச் சட்டத்தின் கதை அதுதான். 2012-ல் ஒன்று நிறைவேறியது, அமலுக்கு வரவில்லை. 2017-ல் அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று நிறைவேற்றினார்கள். அதிலும் ஆணையரை நியமிக்கும் பகுதியை மட்டும் முதலில் திறந்தார்கள். 2021-ல் ஆணையர் வந்தார்; மக்கள் விண்ணப்பம் போடும் பகுதி மட்டும் அப்போதும் பூட்டியே இருந்தது. கல்யாணப் பத்திரிகையை அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, முகூர்த்த நாளைப் பிறகு சொல்கிறோம் என்பது போல.

ஆகவே பஹாமாஸ் சட்டம் எதையாவது காட்டி "உனக்கு இந்த உரிமை இருக்கிறது" என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தப் பிரிவு எந்தத் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது என்பதுதான். அரசிதழில் அந்த அறிவிப்பைத் தேடுங்கள். முழுச் சட்டத்துக்கா, சில பிரிவுகளுக்கு மட்டுமா என்று கடைசி வரிவரை படியுங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அமலில் இருந்தும் பல் இல்லாத சட்டங்கள் வேறு வகை. 1976-ல் வந்த சொத்து வெளிப்படுத்தல் சட்டப்படி நாடாளுமன்ற உறுப்பினர்கள், செனட்டர்கள், உயர் அதிகாரிகள் ஆண்டுதோறும் மார்ச் 1-க்குள் தங்கள் சொத்து, வருமானம், கடன் கணக்கை இதற்கென்றே உள்ள ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். தவறினால் 10,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். (பஹாமாஸ் டாலரும் அமெரிக்க டாலரும் ஒன்றுக்கு ஒன்று.) காகிதத்தில் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் வந்து ஏழே வருடத்தில், 1983-ல், போதைப்பொருள் கடத்தலுக்கும் பஹாமாஸ் ஆட்சியாளர்களுக்கும் தொடர்பு என்று அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று செய்தி போட்ட பிறகே விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. பிரதமர் லிண்டன் பிண்ட்லிங்கின் செலவு அவருடைய வருமானத்தைவிட வெகு அதிகம் என்பது அந்த ஆணையத்தின் 1984 அறிக்கையில்தான் வெளிவந்தது. ஆண்டுதோறும் படிவம் வாங்கும் ஏற்பாடு இருந்தும் அது பிடிக்கவில்லை. 1987 தேர்தலில் அவரே மறுபடி ஜெயித்தார் என்பது தனிக்கதை.

இப்போது தெருவுக்கு வருவோம். சாதாரண ஆளின் எரிச்சல் சொத்துக் கணக்கில் தொடங்குவதில்லை. எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை, மழை பெய்தால் குளமாகும் சந்து, இவற்றில்தான் தொடங்குகிறது. நாட்டில் சுமார் 4 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் தலைநகர் நசாவ் இருக்கும் நியூ பிராவிடன்ஸ் தீவில் வாழ்கிறார்கள். அந்தத் தீவுக்கு உள்ளாட்சி கிடையாது! 1996-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் மற்ற தீவுகளுக்கு மாவட்டக் கவுன்சில்களைக் கொடுத்தது. நியூ பிராவிடன்ஸை விட்டுவிட்டது. மேயர் இல்லை, வார்டு கவுன்சிலர் இல்லை, நகராட்சி அலுவலகம் இல்லை. தெருக்குழிக்கும் மத்திய அமைச்சகம், குப்பைக்கும் மத்தியத் துறை.

விளைவு என்ன? எல்லாக் குறையும் எம்பி வீட்டு வாசலுக்குப் போகிறது. ஒரு தொகுதிக்குச் சராசரியாக 5,000 வாக்காளர்கள்தான், அதனால் எம்பிக்கு முகம் தெரியும். சாலை போடுவது கடமை என்பது போய், "அண்ணன் செய்து கொடுத்தார்" என்ற உதவியாகிவிடுகிறது. உதவி வாங்கியவன் கணக்குக் கேட்க மாட்டான். தவிர, 2021-ல் ஜெயித்த 32 ஆளுங்கட்சி உறுப்பினர்களில் பாதிக்கு மேல் அமைச்சர்கள் ஆனார்கள். மீதியிலும் பலருக்கு ஏதாவது வாரியத் தலைவர் பதவி கிடைத்தது. சொந்தக் கட்சி அரசைப் பின்வரிசையிலிருந்து கேள்வி கேட்க ஆளே மிஞ்சுவதில்லை. என்னைக் கேட்டால், பஹாமாஸின் பொறுப்புக்கூறல் கோளாறில் பாதி இந்த ஒரு அமைப்பில் இருக்கிறது. ஊழல் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சரி, குறையை எப்படிக் கொடுப்பது? வானொலி நேரலையில் புலம்புவது அங்கே தேசிய வழக்கம். அதில் மனப்பாரம் குறையும், கோப்பு உருவாகாது. கடிதம் எழுதுங்கள். அமைச்சருக்கு வேண்டாம், அமைச்சகத்தின் தலைமை அதிகாரியான நிரந்தரச் செயலாளருக்கு எழுதுங்கள். அமைச்சர் அடுத்த மாற்றத்தில் போய்விடுவார், கோப்பு செயலாளரிடம் இருக்கும். ஒரு கடிதத்துக்கு ஒரே விஷயம். குழியையும் தெருவிளக்கையும் ஒன்றாக எழுதினால் அது இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் தொங்கும். தெருப் பெயர், அருகில் உள்ள குறுக்குச் சாலை, மின்கம்பத்தில் எண் இருந்தால் அந்த எண், எந்தத் தேதியிலிருந்து பழுது, இதற்குமுன் யாரிடம் எப்போது சொன்னீர்கள், தேதியிட்ட இரண்டு புகைப்படம். கடைசியில், இன்ன தேதிக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும் என்று ஒரு வரி. இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கான தேதி முத்திரையைக் குத்தி வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்பார்கள். ஒரு நகலை உங்கள் எம்பிக்கும், இன்னொன்றை எதிர்க்கட்சியில் அந்தத் துறையைக் கவனிக்கும் உறுப்பினருக்கும் அனுப்புங்கள். சபையில் கேள்வி போட அவருக்குத் தேதியும் தெருப்பெயரும் உள்ள காகிதம் வேண்டும்.

குறையோடு நிற்காமல் நஷ்டமும் ஆகியிருந்தால், உதாரணத்துக்கு மூடி இல்லாத சாக்கடைக் குழியில் கார் சக்கரம் போய்விட்டால், இன்னொரு கணக்கு ஓட ஆரம்பிக்கும். பொது அதிகாரிகள் தங்கள் கடமையில் செய்ததற்கோ செய்யாமல் விட்டதற்கோ வழக்குப் போடக் காலவரம்புச் சட்டம் கொடுப்பது 12 மாதம்தான். தனியாருக்கு எதிரான வழக்குகளுக்குக் கிடைக்கும் நீண்ட காலம் இங்கே இல்லை. "பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதில் கடிதங்களை நம்பிக் காத்திருந்து பதினோராவது மாதம் வக்கீலைத் தேடி ஓடுவது சகஜம். விபத்து நடந்த அன்றே நாட்காட்டியில் ஒன்பதாவது மாதத்தைச் சுழித்துவிடுங்கள், அதற்குமேல் கடிதப் போக்குவரத்து வேண்டாம்.

மின்கட்டணம் பற்றிய புகாருக்கு வழி வேறு. அங்கே பில் இரண்டு துண்டு: அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம். தீவுகள் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுப்பவை. எண்ணெய் விலை ஏறினால் இரண்டாவது துண்டு ஏறும். யூனிட்டுக்கு 10.5 சென்ட் என்று சிறிது காலம் கட்டுக்குள் நின்ற எரிபொருள் கட்டணம், 2022 அக்டோபருக்குப் பிறகு படிப்படியாக ஏற்றப்பட்டது. எண்ணெயை முன்கூட்டியே விலை பேசி வாங்கும் ஏற்பாட்டை 2021-ல் வந்த புதிய அரசு ஏன் தொடரவில்லை என்று பெரிய சண்டையே நடந்தது. மாதம் 800 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 10.5 சென்ட் என்றால் எரிபொருளுக்கு மட்டும் 84 டாலர். அதே 20 சென்ட் ஆனால் 160 டாலர். ஒரு யூனிட் கூடுதலாக எரிக்காமலே 76 டாலர் ஏறிவிடும். ஆகவே "பில் ஏறிவிட்டது" என்று புகார் எழுதாதீர்கள். மீட்டரைப் படம் எடுங்கள், பில்லில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அளவு தவறென்றால் அது மீட்டர் புகார், அளவு உத்தேசமாகப் போடப்பட்டிருந்தால் அது வேறு புகார். அளவு சரியாக இருந்து எரிபொருள் விகிதம்தான் ஏறியிருக்கிறது என்றால் அது கொள்கைச் சண்டை, கவுன்டரில் தீராது. முதலில் மின் நிறுவனத்திடம் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். அதில் தீராவிட்டால் 2009-லிருந்து இயங்கும் ஒழுங்குமுறை ஆணையமான யுர்காவுக்குப் போங்கள். நேரே யுர்காவுக்குப் போனால் முதலில் அங்கே கேட்டீர்களா என்று திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்தது, பஹாமாஸில் பல வருடமாகக் கேட்கப்படும் கேள்வி: வாட் (மதிப்புக் கூட்டு வரி) வரிப்பணம் எங்கே போனது? வருமான வரி இல்லாத நாட்டில் 2015 ஜனவரி 1-ல் 7.5 சதவீதத்தில் வாட் வந்தது. 2018 ஜூலையில் 12 ஆக ஏறியது, 2022 ஜனவரியில் 10 ஆக இறங்கியது. கடனைக் குறைக்கத்தான் இந்த வரி என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் கேட்கும் விதத்தில் பதில் கிடைக்காது. வாட் என்று தனி உண்டியல் எதுவும் இல்லை. சுங்க வரி, கட்டணங்கள் எல்லாவற்றோடும் சேர்ந்து ஒருங்கிணைந்த நிதியில் விழுகிறது. ஆற்றில் கலந்த பிறகு எந்தச் சொம்புத் தண்ணீர் எந்த வயலுக்குப் போனது என்று யார் சொல்ல முடியும்? கேட்க வேண்டியது செலவுப் பக்கத்தில். நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கும், பட்ஜெட் மே மாதக் கடைசியில் வரும். மதிப்பீட்டுப் புத்தகத்தில் உங்களுக்கு வேண்டிய துறையின் தலைப்பைப் பிடியுங்கள். உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கீடு, போன ஆண்டு எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவானது என்ற இரண்டு எண்களையும் எடுத்து, ஜூன் விவாதம் முடிவதற்குள் எம்பியிடம் கொடுங்கள். ஜூலையில் கொடுத்தால் ஓட்டெடுப்பு முடிந்திருக்கும்.

ஒப்பந்தங்களைப் பற்றிச் சுருக்கமாக. 2021 செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்த பொதுக் கொள்முதல் சட்டம், யாருக்கு என்ன ஒப்பந்தம் எவ்வளவுக்கு என்று 60 நாளுக்குள் வெளியிடச் சொன்னது. பதினைந்து நாளில் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. வந்தவர்கள் இது நடைமுறைக்கு ஒத்துவராது என்றார்கள், 2023-ல் வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். பழைய ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிக் கேட்பவர்கள், அது கையெழுத்தான நாளில் எந்தச் சட்டம் அமலில் இருந்தது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

மிஞ்சுவது தலைமைக் கணக்காய்வாளர். அரசமைப்பின் 136-வது பிரிவுப்படி அவருடைய அறிக்கை சபாநாயகரிடம் போக வேண்டும். அவர் வீண் தாமதமின்றி அதைச் சபையில் வைக்க வேண்டும். சபைக்கு வந்த பிறகு எதிர்க்கட்சி உறுப்பினர் தலைமையிலான பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். எங்கே சிக்கும் என்றால், "வீண் தாமதம்" எத்தனை நாள் என்று எங்கும் எழுதப்படவில்லை. அறிக்கை முடிந்து கொடுக்கப்பட்ட தேதி, சபையில் வைக்கப்பட்ட தேதி, குழு முதலில் கூடிய தேதி, இந்த மூன்றையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். எந்த நாற்காலியில் கோப்பு தூங்கியது என்று தெரிந்துவிடும்.

வழிகள் அடைபட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் அந்தச் சபையிலேயே சாட்சி இருக்கிறது. 1965 ஏப்ரல் 27, தொகுதி எல்லை வரையறையை எதிர்த்து, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அதே பிண்ட்லிங் சபையின் செங்கோலைத் தூக்கி ஜன்னல் வழியே பே ஸ்ட்ரீட்டில் எறிந்தார். பேச்சு நேரத்தை அளக்கும் மணற்கடிகாரங்களை மைலோ பட்லர் பின்னாலேயே வீசினார். 2024 ஜூனில் எதிர்க்கட்சித் துணைத் தலைவர் ஒருவர், பேச அனுமதிப்பது பற்றிய தகராறில், மறுபடி செங்கோலை ஜன்னல் வழியே எறிந்தார். இந்த முறை அவர் எறிந்தது பிண்ட்லிங்கின் கட்சியான பிஎல்பி ஆட்சியில் இருந்த சபையில்.