துக்க வீட்டில் 'சாரி' சொன்னால் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகுமா?

'சாரி' என்ற ஆங்கிலப் பெயரடையின் சரியான பொருள் என்ன, துக்கம் விசாரிக்கும்போது அதைச் சொல்லலாமா, சொன்னால் நாமே ஏதோ தவறு செய்துவிட்டதாகப் பொருள்படாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உடன் பணிபுரியும் வெளிநாட்டவர் ஒருவரின் வீட்டில் இழப்பு நேர்ந்திருக்க வேண்டும், அவருக்கு எழுதும் மடலின் முதல் வரியிலேயே தயங்கி நிற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தாராளமாகச் சொல்லலாம், தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது. நான் மொழியியல் படித்தவளல்ல. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் முதியோர் வார்டில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள். அங்கே இந்தச் சொல்லை உரிய நேரத்தில் உரிய முறையில் சொல்வது எங்கள் வேலையின் ஒரு பகுதியாகவே இருந்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

'சாரி' என்பது பேசுகிறவரின் மனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அவர் என்ன செய்தார், செய்யவில்லை என்பதை அந்தச் சொல் மட்டும் சொல்வதில்லை. வலியைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது அது. புண்ணையும் நோவையும் குறிக்கும் இன்றைய 'சோர்' அதற்கு உடன்பிறப்பு. துயரத்தைக் குறிக்கும் 'சாரோ' ஓசையில் நெருங்கி இருந்தாலும் வேறு வேரிலிருந்து வந்தது. எனவே 'ஐ ஆம் சாரி' என்பதன் அடியில் இருப்பது 'எனக்கு நோகிறது' என்ற செய்திதான். எதற்காக நோகிறது என்பதை அடுத்து வரும் சொற்கள் தீர்மானிக்கின்றன. 'சாரி ஃபார் வாட் ஐ டிட்' என்றால் என் செயலுக்காக வருந்துகிறேன், அங்கே பொறுப்பேற்பு உண்டு. 'சாரி ஃபார் யுவர் லாஸ்' என்றால் உங்கள் இழப்பு என்னையும் வருத்துகிறது, அங்கே என் குற்றம் என்ற பேச்சே இல்லை. 'சாரி டு ஹியர் தட்' என்பது கேட்ட செய்திக்கான வருத்தம். 'ஃபீல் சாரி ஃபார்' என்பது மட்டும் இரக்கப்படுவது. அதை ஒருவரின் முகத்துக்கு நேரே சொன்னால் அவரைத் தாழ்த்திப் பார்ப்பதாகத் தோன்றிவிடும், தவிர்த்துவிடுங்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது, 'எ சாரி ஸ்டேட்' என்பதைப் போல, அவல நிலையைக் குறிக்கும்.

நமக்கு வரும் குழப்பத்துக்குக் காரணம், பள்ளியிலேயே 'சாரி' என்றால் 'மன்னிக்கவும்' என்று படித்துவிட்டதுதான். 'மன்னிக்கவும்' என்பது கேட்பவரிடம் ஒன்றைச் செய்யும்படி வேண்டுவது. 'சாரி' யாரிடமும் எதையும் வேண்டுவதில்லை. தாயைப் பறிகொடுத்தவரிடம் போய் 'மன்னிக்கவும்' என்பது பொருந்தாது என்று உங்கள் மனத்துக்குப் பட்டது சரியே. ஆனால் ஆங்கிலச் சொல்லுக்கு அந்த இடர்ப்பாடு கிடையாது.

வார்டில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மறதி நோய் கொண்ட மூதாட்டி ஒருவர் இரவில் கட்டிலிலிருந்து இறங்க முயன்று விழுந்ததில், இடுப்பு மூட்டருகே எலும்பு முறிந்துவிட்டது. காலையில் மகள் பதறிக்கொண்டு வந்தார். எங்கள் வார்டு சிஸ்டர், அதாவது வார்டின் பொறுப்பிலிருந்த தலைமைச் செவிலியர், அவரைத் தனியறைக்கு அழைத்துச் சென்று, எதிரே உட்கார்ந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார். பிறகு, 'உங்கள் தாயார் எங்கள் பொறுப்பில் இருந்தபோது இப்படி நேர்ந்ததற்காக நான் மிகவும் வருந்துகிறேன்' என்று பொருள்படும்படி, 'ஐ ஆம் வெரி சாரி' என்று தொடங்கிப் பேசினார். சாக்குச் சொல்லவில்லை, 'ஆனால்' என்று ஒரு முறைகூட இழுக்கவில்லை. கத்துவதற்கு ஆயத்தமாக வந்திருந்த அந்த மகள் சிஸ்டரின் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். பின்னர் விசாரணை நடந்தது, எழுத்திலும் விளக்கம் போனது. கேள்விகள் எவற்றையும் அந்த மகள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் எங்களை எதிரிகளாக ஒருபோதும் பார்க்கவில்லை.

சிஸ்டர் நல்லவர் என்பதால் மட்டும் இது நடக்கவில்லை. இங்கிலாந்தில் மருத்துவ, பராமரிப்பு நிறுவனங்களுக்கான 2014-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளில் 20-ஆவது விதி, சிகிச்சையின்போது நோயாளிக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு நேர்ந்தால் அதை அவருக்கோ அவர் சார்பானவருக்கோ நேரில் தெரிவித்து வருத்தமும் தெரிவிக்க வேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துகிறது. மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையில் நோயாளிகள் பட்ட பாட்டை விசாரித்து 2013-இல் வெளிவந்த பிரான்சிஸ் அறிக்கைக்குப் பிறகு வந்த விதி அது. அதற்கும் முன்பே, 2006-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் 2009-இல் இதே நோக்கில் தனிச்சட்டம் இயற்றியது. ஒருவர் 'சாரி' என்று சொல்வதையும் மன்னிப்பு என்ற சொல்லின் வரையறைக்குள் சேர்த்து, அதைப் பொறுப்பை ஏற்றதற்கான சான்றாகக் கொள்ளக்கூடாது என்று அந்தச் சட்டம் விதித்தது. நீங்கள் அஞ்சும் அதே அச்சம் ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் இருந்ததால்தான் இவ்வளவு சட்டங்கள் தேவைப்பட்டன.

இப்போது என் மனத்தில் ஆறாமல் இருப்பதைச் சொல்கிறேன், கேள்விக்கு இதுவும் தொடர்புள்ளதே. நான் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, என் தந்தையாரைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தோம். ஒரு குறிப்பிட்ட மருந்து அவருக்கு ஒவ்வாது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தும், அதே வகை ஊசியைப் போட்டுவிட்டார்கள். உடலெங்கும் தடித்து, மூச்சுத் திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்த்தான் மீட்டார்கள். அதன் பிறகு மருத்துவர் முதல் நிர்வாக அலுவலர் வரை ஒருவரும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊசி போட்ட இளம் செவிலியர் கண் கலங்கி வாசலில் நின்றார். பேசக்கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்ததைப் பிறகு அறிந்தேன். அந்தப் பெண்ணின் மீது எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. நாங்கள் எழுத்தில் முறையிட்ட பின், 'ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. உயிர் போய் வந்ததற்கு அசௌகரியம் என்று பெயர் வைத்திருந்தார்கள், அதில் இருந்த வினைச்சொல் 'ரிக்ரெட்'. 'யாரும் ஒரு வார்த்தை சொல்லலியேம்மா' என்றுதான் அப்பா கேட்டார். இழப்பீட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை.

வெளிநாட்டை உயர்த்தி நம் ஊரைத் தாழ்த்துகிறாள் என்று சிலர் பின்னூட்டம் இடக்கூடும். நம் ஊர்ச் செவிலியர்கள் எவ்வளவு பளுவைச் சுமக்கிறார்கள் என்பதை அந்தப் பணியிலிருந்தே நான் அறிவேன். நான் குறை சொல்வது அவர்களை வாய் திறக்க விடாத நிர்வாகங்களை மட்டுமே. நழுவல் ஆங்கிலேயருக்கும் புதிதல்ல. ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நூற்றாண்டையொட்டி 2019 ஏப்ரலில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பேசிய பிரதமர் தெரசா மே, ஆழ்ந்த 'ரிக்ரெட்' தெரிவித்தாரே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை.

'ரிக்ரெட்' என்பதற்கும் 'சாரி' என்பதற்கும் உள்ள தொலைவை ஆஸ்திரேலியாவைப் போல உணர்ந்த நாடு வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை. பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து அரசே பிரித்துக்கொண்டுபோன கொடுமையை ஆராய்ந்த அறிக்கை 1997-இல் வெளியாகி, நாடாளுமன்றங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1999-இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் கொண்டுவந்த தீர்மானம் ஆழ்ந்த 'ரிக்ரெட்' என்பதோடு நின்றுவிட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து 'வி சே சாரி' என்று சொன்னபோது, அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்த முதியவர்கள் அவையின் பார்வையாளர் மாடத்தில் அழுதார்கள். அந்தப் பூர்வகுடி மக்கள் தங்கள் ஆங்கிலத்தில் இறப்பையொட்டிய சடங்குகளையும் துக்கம் காப்பதையும் 'சாரி பிசினஸ்' என்றே அழைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குற்றத்துக்கு வருந்தவும் சாவுக்கு வருந்தவும் ஒரே சொல் அங்கே இயல்பாக இடம்பெறுகிறது.

ஆகவே உங்கள் மடலை 'ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்' என்று தொடங்குங்கள். இறந்தவரை நீங்கள் அறிந்திருந்தால் அவரைப் பற்றி உண்மையான ஒரு வரியைச் சேருங்கள், அறியாவிட்டால் அந்த ஒரு வாக்கியமே போதும். 'ஆம்' என்ற துணைச்சொல்லை விட்டுவிட்டு 'ஐ சாரி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பெயரடை தனியே வினையாக நிற்காது. 'ரிக்ரெட்' வேண்டாம், அது அலுவலகக் கடிதத்தின் சொல். அவர் 'தேங்க் யூ' என்று மட்டும் பதில் எழுதினால் வருந்த வேண்டாம், ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வழக்கமாக வரும் மறுமொழி அதுதான்.