முதல் சீசனைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி உயர்வாக எழுதியிருந்தீர்கள். அதை நம்பி 13 வயது மகனோடு முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். நாலாவது எபிசோடிலேயே அவன் எழுந்து போய்விட்டான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் சிலவற்றைப் பார்த்தேன். எல்லோரும் பள்ளி ஆண்டுவிழா மேடையில் நிற்பதுபோல் நின்று வசனம் பேசுகிறார்கள். விசாரித்தால் ‘மூன்றாவது சீசன் வரை பொறுத்துக்கொள், அப்புறம் பிரமாதம்’ என்கிறார்கள். ஐம்பது எபிசோடுகளை எதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? அதே கப்பல், அதே நடிகர்கள். அப்படி என்னதான் மாறிவிடும்?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

பொறுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மகனுக்கு நல்ல ரசனை இருக்கிறது. நாலாவது என்றால் அது ‘கோட் ஆஃப் ஆனர்’ ஆகத்தான் இருக்கும். ஒரு கிரகம் முழுக்கக் கறுப்பின மக்கள், அவர்களுடைய தலைவன் கப்பலின் வெள்ளைக்காரப் பாதுகாப்பு அதிகாரியைக் கடத்திக்கொண்டு போகிறான். 1987-க்கே கூசும் கதை. அதில் நடித்தவர்களே பிற்பாடு வெளிப்படையாகத் திட்டியிருக்கிறார்கள்.

‘என்ன மாறிவிடும்’ என்ற கேள்விக்கு ரசிகர்களிடம் ஒரு கேலியான பதில் உண்டு: கேப்டனுக்கு அடுத்த அதிகாரி ரைக்கர் தாடி வளர்த்தார், தொடர் தேறிவிட்டது. ஆனால் தாடி வந்தது இரண்டாவது சீசனில். அந்த சீசனும் தள்ளாட்டம்தான். 1988-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால், எடுக்காமல் கைவிடப்பட்ட ஒரு எழுபதுகளின் ஸ்டார் ட்ரெக் தொடருக்கென்று எழுதிய கதையைத் தூசி தட்டி சீசனைத் தொடங்கினார்கள். முடித்ததோ, ரைக்கர் மயங்கிப் படுத்திருக்க, பழைய எபிசோடுகளின் துண்டுகளை அவருடைய நினைவுகளாக ஓட்டிக் காட்டி.

உண்மையில் மாறியது எழுத்தாளர் அறை. ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெர்ரி புதிய தொடருக்கு ஒரு விதி வைத்திருந்தார். 24-ஆம் நூற்றாண்டு மனிதன் பக்குவப்பட்டவன். கப்பலில் இருப்பவர்களுக்குள் பொறாமை, பூசல் எதுவும் இருக்கக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் சிக்கல் முழுக்க வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்றால் வாரம் ஒரு கிரகம், வாரம் ஒரு விசித்திர ஜந்து. நம் ஆட்கள் போய் நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். நீங்கள் சொல்லும் ஆண்டுவிழா மேடை அப்படி வந்ததுதான். எழுதியவர்களும் நிலைக்கவில்லை. அறுபதுகளின் பழைய ஸ்டார் ட்ரெக் தொடரில் பேர் வாங்கிய டி.சி. ஃபொன்டானா, டேவிட் ஜெரால்ட் இருவருமே முதல் சீசனிலேயே விலகிவிட்டார்கள்.

இத்தனைக்கும் தொடர் பிழைத்துக் கிடந்ததற்கு வியாபாரம் ஒரு காரணம். தயாரித்த பாரமவுண்ட் நிறுவனம் இதைப் பெரிய சேனல் எதற்கும் விற்காமல் உள்ளூர் நிலையங்களுக்கு நேரடியாகக் கொடுத்தது. பழைய தொடரை 1969-ல் என்பிசி சேனல் மூன்றே சீசனில் இழுத்து மூடியதுபோல் இதை மூடுவதற்கு ஒரு சேனல் தலைவர் இல்லை. இன்றைக்கு எட்டு எபிசோடு போட்டுப் பார்த்துவிட்டுக் கடையைக் கட்டும் காலம். இதெல்லாம் நடக்காது.

மூன்றாவது சீசனில் மைக்கேல் பில்லர் எழுத்தாளர் அறையின் பொறுப்புக்கு வந்தார். கையில் கதையே இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் ஸ்கிரிப்ட் அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். அதற்கு முன்பே வந்து மாதக்கணக்கில் கிடந்த ஒரு ஸ்கிரிப்ட் அவர் கண்ணில் பட்டது. எழுதியவர் ரொனால்ட் டி. மூர். படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்கப் போன இளைஞர், கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தது. (பின்னாளில் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வைப் புதிதாக எடுத்தாரே, அவரேதான்.)

அதுதான் ‘தி பாண்டிங்’. ஒரு கிரகத்தில் ஆய்வுக்கு இறங்கிய பெண் அதிகாரி, என்றோ முடிந்துபோன போரின் கண்ணிவெடியில் சாகிறார். அவருடைய 12 வயது மகன் கப்பலில் இருக்கிறான். அப்பா ஏற்கெனவே இறந்துவிட்டார். இதுவரை இப்படிப்பட்ட சாவுகளை ஒரு வசனத்தில் தாண்டிப் போனவர்கள், இப்போதுதான் ‘அந்தப் பையன் என்ன ஆனான்?’ என்று நின்று கேட்கிறார்கள்.

ராடன்பெர்ரி ஒத்துக்கொள்ளவில்லை. சாவு இயற்கை என்று சொல்லிக்கொடுத்து வளர்த்த 24-ஆம் நூற்றாண்டுக் குழந்தை இப்படி உடைந்து அழாது என்றார். அறையில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டபோது, பில்லர் அந்த விதியையே கதைக்குள் இழுத்துப் போட்டார். சரி, பையன் அழவில்லை. அவன் அழாமல் இருப்பதுதான் இனிக் கதை. அந்தக் கிரகத்திலிருந்து வரும் ஒரு சக்தி அம்மாவையும் பூமியில் இருந்த வீட்டையும் அப்படியே உண்டாக்கிக் கொடுக்கிறது. அவனும் போய் ஒட்டிக்கொள்கிறான். அவனை அங்கிருந்து மீட்க, கேப்டன் பிகார்டின் தலைமையில் நடந்த ஒரு பணியில் தன் அப்பாவை இழந்த, கப்பல் மருத்துவரின் மகன் வெஸ்லியைக் கூப்பிடுகிறார்கள். ‘உங்கள்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது’ என்று வெஸ்லி பிகார்டின் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். அதைக் கேட்டபிறகுதான் பையனுக்குள் அடைத்துக் கிடந்தது வெளியே வருகிறது. அன்பான கப்பலில் ஆத்திரத்துக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

இதற்காக ராடன்பெர்ரியை வில்லனாக்க நான் தயாரில்லை. மலிவான சண்டைகளை அவர் தடுத்ததால்தான், பிற்காலக் கதைகளில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாலு பேர் மாறுபட்டுப் பேசினாலும் ஒருவரை ஒருவர் மட்டம்தட்டுவதில்லை. இன்றைய தொடர்களில் எனக்குக் கிடைக்காதது அந்த நாகரிகம். விதியை உடைக்காமல் அதோடு மல்லுக்கட்டியபோதுதான் தொடர் எழுந்து நின்றது.

பிறகு துணிச்சல் கூடியது. 1990 ஜூனில் மூன்றாவது சீசன், பிகார்டை போர்க் என்ற கூட்டு இயந்திர உயிரினம் தன்னில் ஒன்றாக ஆக்கிக்கொண்ட இடத்தில் ‘தொடரும்’ போட்டு நிறுத்தியது. செப்டம்பரில் அவரை மீட்கிறார்கள். அதற்கு அடுத்த வாரம் விண்வெளிப் போர் எதுவும் இல்லை. அவர் பிரான்சில் அண்ணனின் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறார். இருவரும் சேற்றில் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள். அத்தனை கம்பீரமான மனிதர் சேற்றில் உட்கார்ந்தபடியே அழுகிறார். முதல் சீசனில் இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

ஆகவே நேராக மூன்றாவது சீசனுக்குப் போங்கள். அதற்கு முன்னால் இரண்டாவதில் இரண்டை மட்டும் பாருங்கள். ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’: டேட்டா என்ற ஆண்ட்ராய்டு ஓர் ஆளா, அவன் வேலை பார்க்கும் விண்படையின் சொத்தா என்று வழக்கு நடக்கிறது. எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் வழக்கறிஞராக இருந்தவர். வாதங்களைக் கேட்டாலே தெரியும். நண்பன் டேட்டாவுக்கு எதிராக ரைக்கரே வாதாட வேண்டிய கட்டாயம். அவர் டேட்டாவின் சுவிட்சை அணைக்கும் இடத்தை உங்கள் மகன் மறக்க மாட்டான். இன்னொன்று ‘க்யூ ஹூ’, போர்க் முதலில் வருவது அதில்தான். மூன்றாவது சீசனில் ‘யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்’, ஐந்தாவதில் ‘டார்மாக்’, ‘தி இன்னர் லைட்’ ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். கதைச் சுருக்கம் எங்கேயும் படித்துவிடவும் வேண்டாம்.

பல்லைக் கடித்துப் பார்த்த அந்த முதல் எபிசோடு மட்டும் வீண்போகவில்லை. அதில் க்யூ என்ற சர்வ வல்லமை கொண்ட ஜந்து மனித இனத்தின்மேல் ஒரு விசாரணையைத் தொடங்கிவைக்கிறானே, 1994 மே மாதத்துக் கடைசி எபிசோடு அதே நீதிமன்றத்துக்குத் திரும்பி வருகிறது. இந்தத் தைரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மகனோடு பார்ப்பதால் இரண்டு எச்சரிக்கைகள். முதல் சீசன் முடியும் தறுவாயில் ‘கான்ஸ்பிரசி’யில் ஒரு மண்டை வெடித்துச் சிதறும் காட்சி உண்டு; அதை விட்டுவிடலாம். ஆறாவது சீசனின் ‘செயின் ஆஃப் கமாண்ட்’ அருமையான கதை, ஆனால் பிகார்டைச் சித்திரவதை செய்வார்கள். அதை முதலில் நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு, அவனுக்குக் காட்டலாமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.