பழைய கிடார் மகளுக்கா?

கேள்வி: தூத்துக்குடியில் வசிக்கிறேன். 15 வருடமாக ஒரே கிடார்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவுக்கும் அதைத்தான் வாசிக்கிறேன். இப்போது சத்தம் மந்தமாகிவிட்டது, தந்தியும் மேலே எழும்பிவிட்டது. எஃப் கார்டு என்ற ஸ்வரக்கூட்டைப் பிடித்தால் எனக்கே விரல் வலிக்கிறது. 40,000 ரூபாய்க்குள் நல்ல டோன் உள்ள அக்கூஸ்டிக் கிடார் வாங்க நினைக்கிறேன். ஸ்ப்ரூஸ், சீடர், மஹாகனி, எந்த மரம் நல்லது? பழைய கிடாரை மகளுக்குக் கொடுத்துவிடுவேன். அவளுக்கு 10 வயது. போன வருடம் அதை வைத்துத்தான் வகுப்புக்குப் போனாள். விரல் வலிக்கிறது என்று மூன்றே மாதத்தில் விட்டுவிட்டாள். பொறுமை கிடையாது என்று என் மனைவியிடம் அன்றைக்கே சொன்னேன்.

பதில்: மரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் தம்பி. முதலில் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

15 வருடம் வாசித்துக் காய்த்துப்போன உங்கள் விரலுக்கே அந்தக் கிடார் வலிக்கிறது. உங்களுக்கு வலித்தால் குற்றம் கிடார் மேல். அதே கிடாரில் 10 வயதுப் பிள்ளைக்கு வலித்தால் குற்றம் பிள்ளை மேல். இது என்ன நியாயம்?

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. கீபோர்டு என்று வரும், சைக்கிள் என்று வரும், லேப்டாப் என்று வரும். பழசைப் பிள்ளைக்குக் கொடுப்பதைத் தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டு வளர்ந்த வீடுகள்தான் நம்முடையவை. ஆனால் கிழிசலைத் தைத்து, பட்டன் வைத்துத்தான் அம்மாக்கள் கொடுத்தார்கள். நீங்கள் உங்களுக்கே உதவாது என்று ஒதுக்கியதை அப்படியே மகள் மடியில் வைக்கப் பார்க்கிறீர்கள். அவள் மறுபடியும் விட்டுவிடுவாள், நீங்களும் மறுபடி பொறுமை இல்லை என்பீர்கள்.

ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, 12-வது ஃப்ரெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தடித்த தந்தியின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் என்றால் சரி. நாலைத் தொட்டால் சின்ன விரலால் அழுத்தவே முடியாது. சாதாரண 12 கேஜ் செட்டில் (கேஜ் என்பது தந்தியின் தடிமன்) ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு பிரிட்ஜை, அதாவது மேல்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டையை, இழுத்துக்கொண்டே இருக்கும். அதோடு கடற்கரை ஊரின் ஈரம் சேர்ந்தால் மரம் உப்பி, பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை புடைத்து, தந்தி எழும்பும். உப்புக் காற்றில் தந்தி துருவும் பிடிக்கும், துருப்பிடித்த தந்தியில் சத்தம் மந்தமாகத்தான் வரும். கடைசியாக எப்போது தந்தி மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை.

அதனால் முதல் செலவு பழைய கிடாருக்குத்தான். கிடார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற கம்பியைச் சரிசெய்து, பிரிட்ஜில் தந்திகள் உட்காரும் சாடில் என்ற சின்னத் துண்டைத் தேய்த்து இறக்கி, 10 கேஜ் எக்ஸ்ட்ரா லைட் தந்தி போடச் சொல்லுங்கள். அதன் உடல் பெரிய ட்ரெட்நாட் அளவு என்றால், 10 வயதுக் குழந்தையின் கை அதைச் சுற்றி வராது. அப்படியானால் பழசை நீங்களே வைத்துக்கொண்டு, அவளுக்கு யமஹா ஜேஆர்2 போல ஒரு சின்ன கிடார் வாங்குங்கள். பெரிய கிடாரில் தந்தியின் நீளம் 63 சென்டிமீட்டருக்கு மேல், இதில் 54 தான். மிச்சப் பணத்தில் உங்களுக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

சரி, டோன். பாடகர் குழுவுக்கு எல்லாத் தந்தியையும் சேர்த்து அடிக்கும் ஸ்ட்ரம்மிங்தானே வாசிக்கிறீர்கள்? ஸ்ப்ரூஸ் எடுங்கள். ஓங்கி அடித்தாலும் கார்டு தெளிவாகக் கேட்கும். சீடர் விரலால் மெதுவாக மீட்டுபவர்களுக்கு இதமாக இருக்கும், பலமாக அடித்தால் கலங்கும். மஹாகனியில் நடு ஸ்வரங்கள் முன்னால் நிற்கும், மினுமினுப்பு குறைவு. மரத்தின் பெயரைவிட முக்கியம், மேல்பலகை ஒட்டுப்பலகையா, முழு மரமா என்பது. யமஹா எஃப்ஜி800-இல் மேல்பலகை முழு ஸ்ப்ரூஸ்.

வீடியோவில் டோன் தேடாதீர்கள். அதில் நீங்கள் கேட்பது பாதி மைக், பாதி உங்கள் போன். கடையில் ஒரே மாடலில் இரண்டு மூன்றை எடுத்து, வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லி எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். கிடார் சத்தம் முன்பக்கம்தான் போகும், மடியில் வைத்திருப்பவருக்கு முழுசாகக் கேட்காது. வாங்கிய பிறகு சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள், ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்கும்படி வையுங்கள்.

கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முன்னால், விரல் வலித்தது அவள் தப்பு இல்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பொறுமை இல்லை என்ற பேச்சை நீங்கள் தொடங்கியதே அவரிடம்தானே.